எழுத்தும் குறியெண்ணும்: வலை நிரலாக்கத் தரங்களில் தமிழ் எழுத்தின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

வலைநிரல்கள் தமிழ்ப் பனுவலை எழுத்துகளாகக் கொள்வதில்லை. குறியெண்களின் தொடராகவே கொள்கின்றன. எழுத்தெண்ணல், அகரவரிசை, சொல்லடைவு, சொல்தேடல் ஆகிய நான்கிலும் இதனால் நேரும் பிழைகளை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. ஒருங்குறி, டேஸ்16 ஆகியன குறித்து நிகழ்ந்த விவாதத்தையும், அண்மைக்கால வலைத்தரங்கள் வழங்கும் கருவிகளையும் இலக்கண நோக்கில் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, டேஸ்16, ஜாவாஸ்கிரிப்ட், எழுத்து, புள்ளி, சொல்லடைவு, இயல்பாக்கம்

முன்னுரை

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. இதில் இலக்கண நூலாருக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் மொழி 5 என்று விடை தருகிறது. பிஎச்பி மொழியின் பழைய நீளச் சார்பு 15 என்கிறது. முன்னது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களை எண்ணுகிறது. பின்னது அவ்வைந்தும் யுடிஎஃப்-8 முறையில் மும்மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதை எண்ணுகிறது. இரண்டும் தத்தம் வரையறைப்படி சரியான விடைகளே. ஆயினும் அவ்வரையறைகளில் எழுத்து என்னும் கருத்துக்கு இடமில்லை.

இதனைக் கணினித் துறையினர் தீர்த்துக்கொள்ள வேண்டிய நுட்பச் சிக்கலாகத் தமிழாய்வாளர் பலர் கருதிவருகின்றனர். மின்பனுவல்களிலிருந்து சொல்லடைவும் சொல் நிகழ்வெண்ணும் எடுத்து ஆய்வேடுகளில் பயன்படுத்தும் இக்காலத்தில் அக்கருத்து பொருந்தாது. கருவி எதனை எண்ணியது என்று அறியாமல், அது தந்த எண்ணை ஆய்வுமுடிவாக முன்வைக்க இயலாது.

ஒருங்குறிக்கு முன்

1990களின் இறுதியில் தமிழ் வலைப்பக்கம் என்பது பெரும்பாலும் ஓர் எழுத்துருவை நம்பிய பக்கமாகவே இருந்தது. இதழ்களும் நிறுவனங்களும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறைகளை வைத்திருந்தன. ஒன்றின் எழுத்துரு இல்லாத கணினியில் அதன் பக்கம் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தோன்றும். 1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகியவற்றின் நான்காம் பதிப்புகள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வழிசெய்தன. ஆனால் இரண்டும் ஒன்றற்கொன்று பொருந்தாத வேறு வேறு வடிவங்களைக் கையாண்டன.

குறியீட்டை ஒருமைப்படுத்தும் முயற்சிகள் இருதிசைகளிலிருந்து எழுந்தன. இணையவழி கூடிய தமிழார்வலர் உருவாக்கிய திஸ்கி ஒன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டேப் ஆகியவை மற்றொன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளிவந்தமை இம்மாற்றத்தின் வரலாற்றைக் காட்டும்.

இம்முறைகள் எழுத்தை எழுதும் வடிவத்திலேயே சேமித்தன. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில் மூன்று துண்டுகளாக இருந்தது. அச்சுக்கோப்பவர் கையாண்ட ஒழுங்கு இது, கண்ணுக்கு இயல்பானது. தேடலுக்கோ வரிசைப்படுத்தலுக்கோ இது உதவவில்லை. இன்று உலாவிகள் பின்பற்றும் குறியீட்டுத் தரப்பட்டியலில் திஸ்கியும் இல்லை, டேப்பும் இல்லை. எனவே மாற்றப்படாமல் எஞ்சிய பழைய பக்கங்களை உலாவி தமிழென்று அறிய வழியில்லை.

குறியெண் அட்டவணையின் பின்புலம்

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் இந்திய எழுத்துமுறைகளுக்கான அடுக்கு, இந்திய அரசின் இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. தமிழுக்குப் பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தேவநாகரியில் ஓர் எழுத்து எந்த இடத்தில் உள்ளதோ, அதற்கு நேரான தமிழெழுத்தும் தன் தொகுதியில் அதே இடத்தில் நின்றது. தமிழில் இல்லாத வல்லின வகைகளுக்குரிய இடங்கள் வெற்றிடமாயின. ந அருகே ன (2984, 2985), ர அருகே ற (2992, 2993), ல அருகே ள, ழ (2994, 2995, 2996), அவற்றின் பின் வ (2997) என வரிசை அமைந்ததன் காரணம் இதுவே.

பெயர்களிலும் இதன் சுவடு உண்டு. அட்டவணையில் புள்ளியின் பெயர் 'விராமம்'; ஆய்தத்தின் பெயர் 'விசர்க்கம்'. தமிழ் வழக்கில் இல்லாத அனுசுவாரத்துக்கும் ஓர் இடம் உள்ளது. ஒருமுறை சூட்டிய பெயரை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் கொள்கை ஆதலால், ஆய்தம் என்னும் சொல் குறிப்பாக மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளது. இது பெயரளவிலான குறைதான். ஆனால் புள்ளியை விராமம் எனக் கொள்வதில் ஒரு கோட்பாடு அடங்கியுள்ளது. அகரம் ஏறிய 'க' என்பதே அடிப்படை, புள்ளி அதிலிருந்து அகரத்தை நீக்கும் குறி என்பது அக்கோட்பாடு. தொல்காப்பிய நெறியில் மெய்யே முதலெழுத்து. உயிர் வந்து ஏறும்போது அது உயிர்மெய்யாகிறது. எழுதும் முறையில் இரண்டும் ஒரே விளைவைத் தருகின்றன. நிரல் எழுதும்போது வேறுபாடு வெளிப்படுகிறது. அகர ஈற்றுச் சொற்களைத் தொகுக்க விரும்பும் ஆய்வாளர் தேடுவதற்கு அகரத்துக்கென ஒரு குறியே இராது. 'மெய்யெழுத்துக் குறியெண், அதன்பின் எந்தச் சேர்குறியும் இல்லாமை' என்று இன்மையைத்தான் அவர் தேட வேண்டும்.

வரிசையின் பிழை

மரம், மகன், மழை, மனம், மலர், மறை என்னும் ஆறு சொற்களை ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசைச் சார்பிடம் தந்தால், மகன், மனம், மரம், மறை, மலர், மழை என்று அடுக்கித் தரும். அகராதி வரிசை மகன், மரம், மலர், மழை, மறை, மனம் என்பதாகும். சார்பு குறியெண் அளவை மட்டும் ஒப்பிடுவதே வேறுபாட்டின் காரணம். புள்ளியின் எண் (3021) ஔகாரக்குறியின் எண்ணைவிட (3020) ஒன்று கூடுதல். ஆகவே 'அக்கா' போன்ற சொற்கள் 'அக' முதல் 'அகௌ' வரையிலான அனைத்துக்கும் பின்னே தள்ளப்படும். மெய் முன்னா, உயிர்மெய் முன்னா என்பது அகராதியியலார் ஆய்ந்து முடிவுசெய்ய வேண்டியது. இங்கோ அட்டவணையில் அமைந்த எண் அதனை முடிவுசெய்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு நெடுநாளாகவே உண்டு. ஒருங்குறியின் பொது வரிசைமுறைப் பட்டியல், குறியெண் எவ்வாறிருப்பினும், தமிழ் மெய்களை ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் மரபு வரிசையிலேயே வைத்துள்ளது. மொழிசார் வரிசைப்படுத்தலுக்கான ஜாவாஸ்கிரிப்ட் கருவி 2012இல் எக்மா தரத்தில் இடம்பெற்றது. தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டு அக்கருவியை அழைத்தால் போதும். அழைக்காமல் விடப்பட்ட மின்னகராதிகளும் நூற்பட்டியல்களும் இன்றும் வலையில் காணக்கிடைப்பது தரத்தின் குற்றமாகாது.

டேஸ்16 விவாதம்

ஒருங்குறியின் அமைப்பை ஏற்காதோர் முன்வைத்த மாற்று, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் என்பதாகும். உயிர், மெய், உயிர்மெய், கிரந்த எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் டேஸ்16, ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் 57600 முதல் 58367 வரையிலான இடங்களைக் கையாள்கிறது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது; ஒருங்குறி இயங்காத மென்பொருள்களுக்கு டேஸ்16ஐ மாற்றாக ஏற்றது.

டேஸ்16 ஆதரவாளரின் வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. 'தொல்காப்பியம்' ஏழெழுத்துச் சொல். ஒருங்குறியில் அது 13 குறியெண்கள். யுடிஎஃப்-8 முறையில் 39 பைட்டு. டேஸ்16இல் 21 பைட்டு. எழுத்தெண்ணல், வரிசை இரண்டும் கூடுதல் நிரலின்றி அமைகின்றன. அட்டவணை உயிர் × மெய் என்னும் ஒழுங்கில் இருப்பதால் உயிர்மெய்யைப் பிரிப்பது ஒரு கணக்கீடாகவே முடிகிறது. கொரிய மொழியின் அசையெழுத்துகள் 11,172க்குத் தனித்தனி எண் வழங்கியவர்கள் தமிழின் முந்நூற்றுச் சொச்சத்துக்கு வழங்கத் தயங்குவதேன் என்னும் கேள்வியும் எழுப்பப்பட்டது.

அக்கேள்விக்கு விடை காலத்தில் உள்ளது. கொரிய அசையெழுத்துகளை 1996இல் இரண்டாம் பதிப்பில் இடம்பெயர்த்தபோது, ஏற்கெனவே குறியேற்றிய கோப்புகள் பயனற்றுப்போகும் நிலை எழுந்தது. அதன் பின்னரே எழுத்தை இடம் மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்னும் நிலைப்புக் கொள்கை வகுக்கப்பட்டது. இயல்பாக்கம் பற்றிய நிலைப்பு விதி அடுத்து வந்தது. அவ்விதிப்படி இனி 'கா' என்பதற்குத் தனியெண் சேர்த்தாலும் இயல்பாக்கத்தின்போது அது மீண்டும் ககரமும் காலுமாகவே பிரிக்கப்படும். பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒருங்கே உலவும் குழப்பமே எஞ்சும்.

நிலைப்பு என்னும் கொள்கையைத் தமிழின்பாற்பட்ட புறக்கணிப்பாகக் கொள்வோர், வலைத்தரக் குழுக்கள் தம் மொழிக்குள்ளேயே அதனை எவ்வளவு கடுமையாகப் பின்பற்றுகின்றன என்பதையும் நோக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அடுக்குகளைத் தட்டையாக்கும் சார்புக்கு 'ஃபிளாட்டன்' என்று பெயரிட முனைந்தபோது, மூடூல்ஸ் என்னும் பழைய நிரலகத்தைக் கையாளும் தளங்கள் உடையும் என்பது தெரியவந்தது. நீண்ட சர்ச்சைக்குப் பின் 2018இல் அப்பெயர் கைவிடப்பட்டு 'ஃபிளாட்' என்பது ஏற்கப்பட்டது. வழக்கொழிந்துவரும் ஒரு நிரலகத்துக்காக ஒரு தரத்தின் பெயரையே மாற்றிக்கொண்ட சமூகம், கோடிக்கணக்கான கோப்புகளைத் தொடும் மாற்றத்துக்கு உடன்படும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

வலையைப் பொறுத்தவரை டேஸ்16இன் தடை அதன் இருப்பிடத்தில் உள்ளது. தனிப்பயன் பகுதியிலுள்ள ஓர் எண் எம்மொழியினது, உயிரா மெய்யா, வரியை எங்கே முறிக்கலாம் என்பன உலாவிக்குத் தெரியா. அச்சுக்கூடத்தின் மூடிய சூழலில் இது தடையன்று. எவர் எக்கருவியில் திறப்பார் என்று அறியவியலாத வலையில் பெருந்தடை. விவாதத்தின் பயனாக ஒன்று மட்டும் கைகூடியது: தமிழ் மெய்களும் உயிர்மெய்களும் ஒருங்குறியின் பெயரிட்ட தொடர்களின் பட்டியலில் இடம்பெற்றன. தனியெண் இல்லை, ஆயினும் 'கா' ஓர் அலகு என்பது தரத்தின் ஏட்டில் ஏறியது.

சொல்லடைவைச் சிதைக்கும் கருவிகள்

ஆய்வாளரை நேரே பாதிப்பது தேடல்தொடர்களின் இயல்பு. ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் இத்தொடர்களில் 'சொல்லெழுத்து' என்றொரு வகுப்பு உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டுமே. தமிழுக்கு அங்கு இடமே இல்லை. இக்குறையை நீக்க 2018ஆம் ஆண்டுத் தரத்தில் ஒருங்குறிப் பண்புகளைத் தேடும் வசதி வந்தது. ஆனால் 'எழுத்து' என்னும் பண்பைத் தேடினாலும் சிக்கல் தீராது. ஒருங்குறியில் எழுத்து என்னும் வகையுள் அடங்குவன உயிரும் அகரமேறிய மெய்யும் ஆய்தமுமே. உயிர்க்குறிகளும் புள்ளியும் 'சேர்குறி' என்னும் வேறு வகையின. விளைவாகத் 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என இரு சொற்களாக முறியும்.

பைத்தான் மொழியின் இயல்பான தேடல்தொடர்க் கருவியிலும் இதே முறிவு நேர்கிறது. அதன்மேல் அமைந்த, பரவலாகக் கையாளப்படும் சைகிட்-லேர்ன் நிரலகம் சொற்களை எண்ணும்போது இரண்டு குறியெண்ணுக்குக் குறைந்த துண்டுகளைக் கழித்துவிடுவதை இயல்பமைப்பாகக் கொண்டுள்ளது. இவ்விரண்டும் சேரும்போது நிகழ்வதைக் காண்க: 'தமிழ்', 'தம்', 'தமை' மூன்றும் 'தம' என்னும் ஒரே சொல்லாகின்றன. 'நீர்' என்பது ந, ர என முறிந்து, இரண்டுமே ஓரெண் துண்டுகளாதலால் கணக்கிலிருந்து மறைகிறது. 'கால்', 'மீன்', 'தீ', 'பூ' ஆகியவற்றுக்கும் இதே கதிதான். சங்க இலக்கியத்தின் சொல் நிகழ்வெண்ணை இக்கருவியின் இயல்பமைப்பில் எடுப்பவர், நீரும் மீனும் பூவும் இல்லாத ஒரு பட்டியலைப் பெறுவார். கருவி எந்த எச்சரிக்கையும் தராது. பட்டியல் பார்வைக்கு முழுமையாகவே தோன்றும் என்பதுதான் இதன் இடர்.

திருத்தம் சிறிது: எழுத்தைத் தொடர்ந்து வரும் சேர்குறிகளையும் சொல்லின் பகுதியாகச் சேர்த்துத் தேடுமாறு தொடரை அமைத்தால் போதும். எனினும் இத்திருத்தத்தைச் செய்ததாக ஆய்வேட்டின் நெறிமுறைப் பகுதியில் பதிவிடும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. எந்தப் பதிப்பைப் பாடமாகக் கொண்டோம் என்று குறிப்பதைப் போலவே இதுவும் குறிக்கப்பட வேண்டியது.

இதன் மறுதலையாக, சொல்லினுள் தேடும்போது மிகைப்பொருத்தம் நேர்கிறது. 'பல' என்னும் தொடரைத் தேடும் எளிய நிரல் 'பல்', 'பலி', 'பலா' அனைத்திலும் அதனைக் காணும். ஏனெனில் அவற்றின் முதலிரு குறியெண்களும் அவையே. எழுத்தின் வழி நோக்கினால் 'பல்' என்பதனுள் 'பல' இல்லை.

ஒரு வடிவம், இரு குறியெண்

ஒகரக்குறிக்குத் தனியெண் (3018) உண்டு. ஒற்றைக்கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தாலும் (3014, 3006) திரையில் அதே வடிவம் தோன்றும். இவ்விரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதி. இவற்றை ஒன்றாக்கும் இயல்பாக்கச் சார்பு 2015இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்தது. ஆனால் உலாவி தானாக அதனைச் செய்வதில்லை. வலையில் வெளியிடும் அனைத்தும் தொடக்கத்திலேயே இயல்பாக்கப்பட வேண்டும் என்று டபிள்யூ3சி கூட்டமைப்பில் ஒருகாலத்தில் வலியுறுத்தப்பட்டது. நடைமுறையில் அது நிலைபெறாமையால், ஆசிரியர்கள் இயல்பாக்கிய வடிவில் எழுதுக என்னும் அறிவுரையாக அது சுருங்கிற்று.

இயல்பாக்கமும் தீர்க்காத இணைகள் உள. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஔ (2964) என ஓர் எண்ணாகவும், ஒ, ள என ஈரெண்ணாகவும் தட்டச்சிடுகின்றனர். பின்னது எழுத்துப்பிழை, ஆயினும் அச்சில் வேறுபாடு தெரியாமையால் மெய்ப்பு நோக்குபவர் கண்ணுக்குத் தப்புகிறது. மின்னூலகத்தில் ஔவையார் பாடல்களைத் தேடுபவர்க்குப் பாதி கிட்டாமல் போவதற்கு இதுவே போதும். 'ஸ்ரீ' என்பதும் இத்தகையது. 2005இல் ஶகரத்துக்குத் தனியெண் வந்தபின், அதே வடிவம் இருவேறு தொடர்களால் எழுதப்படுகிறது. தமிழிலக்கம் ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றுக்குக் க, உ, எ, அ என்பவற்றையே இடுவது பழைய சுவடி மரபில் இயல்பு. மின்பனுவலில் அது எண்ணை எழுத்தாக்கிவிடும்.

எழுத்தலகும் அசையலகும்

வலைத்தரங்களில் தமிழெழுத்துக்கு மிக அணுக்கமான கருத்து, பயனர் ஓரெழுத்தாக உணரும் குறியெண் தொகுதி என்பது. இதனைப் பிரித்துத் தரும் கருவி எக்மாவின் 2022ஆம் ஆண்டுப் பன்மொழித் தரத்தில் இடம்பெற்றது. குரோம் 2020இலும் சஃபாரி 2021இலும் இதனை ஏற்றன. ஃபயர்பாக்ஸ் 2024 ஏப்ரலில்தான் ஏற்றது. இக்கருவியிடம் 'தொல்காப்பியம்' தந்தால் ஏழு என்று எண்ணும்.

2023இல் ஒருங்குறி 15.1 பதிப்பு இத்தொகுதி விதியைத் திருத்தியது. தேவநாகரி, வங்காளம், குசராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் விராமத்தால் இணையும் கூட்டெழுத்து இனி ஓர் அலகு. தமிழ் இதில் சேர்க்கப்படவில்லை. மேலோட்டமாக நோக்கின் விடுபாடாகத் தோன்றும் இது தமிழுக்கு நலமே செய்தது. புள்ளி பெற்ற மெய் தமிழில் தனித்து நிற்கும் எழுத்து, 'அக்கா' மூன்றெழுத்து. புதிய விதி தமிழுக்கும் பொருந்தியிருப்பின் 'க்கா' ஓரலகாகி எழுத்தெண்ணிக்கையே பிறழ்ந்திருக்கும். 'க்ஷ' இரண்டலகாகப் பிரிவது மட்டுமே இதற்கு ஈடாகத் தரும் விலை. மெய்யை விராமத்தின் வழி நோக்கும் அட்டவணையை வைத்துக்கொண்டே, பிரிப்பு விதியில் தமிழ் மரபுக்குத் தரம் வந்து சேர்ந்துள்ளது எனலாம்.

எழுத்தைப் பெற்றபின்னும் யாப்பு, புணர்ச்சி ஆய்வுகளுக்கு மற்றோர் அடுக்கு தேவை. குறில் நெடில் அறியவும், நிலைமொழி ஈற்றையும் வருமொழி முதலையும் ஒப்பிடவும் உயிர்மெய்யை மெய், உயிர் எனப் பிரித்தாக வேண்டும். இது எந்தக் குறியேற்றத் தரத்தின் பணியும் அன்று. பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நிரலகமும், யாப்பை ஆராயும் அவலோகிதம் கருவியும் இவ்வகையில் எழுத்திலிருந்து மேற்செல்கின்றன.

குற்றியலுகரம் இவ்வடுக்கின் தேவையைத் தெளிவாகக் காட்டும். 'நாகு' என்பதன் ஈற்றுகரமும் 'பசு' என்பதன் ஈற்றுகரமும் ஒரே குறியெண்தான் (3009). முன்னது குற்றியலுகரம், பின்னது தனிக்குறிலை அடுத்து வந்தமையால் முற்றியலுகரம். இதனை எண்ணால் வேறுபடுத்தும் அட்டவணை இதுவரை இல்லை. இனி அமைப்பதும் தகாது, ஏனெனில் வேறுபாடு வரிவடிவில் இல்லை, சொல்லின் அமைப்பில் உள்ளது. நிரல் முதலில் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். ஈற்றில் வல்லெழுத்தின்மேல் ஏறிய உகரம் உளதா என நோக்க வேண்டும். அதன் முன்னுள்ளது தனிக்குறிலா என அறிய வேண்டும். இம்மூன்றனுள் முதற்படியைக் குறியெண் நீளத்தால் செய்த நிரலுக்கு 'பசு' மூன்றெழுத்துச் சொல்லாகவும் 'நாகு' நான்கெழுத்துச் சொல்லாகவும் தோன்றும். ஈரெழுத்துச் சொல்லுக்குரிய விதி இரண்டின்மீதும் செயற்படாமலே போகும்.